ஆறாவது எலியின் கறுப்பு

ஞானாம்பாளைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் கையிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆள் ஒல்லி, குரலும் சன்னம். பல்லடம் பஸ்ஸில் கூட்டத்துக்குள் நின்றால் இருக்கிற இடம் தெரியாது. ஆனால் அந்த வலது கை இருக்கிறதே, அது அளந்து விட்டால் விட்டதுதான். கண்ணாடிக் குழலில் சாயத்தை உறிஞ்சி மூன்று சொட்டு என்றால் மூன்று சொட்டு விடும், மூன்றரை என்றால் மூன்றரை. அரைச் சொட்டு எப்படி விடுவது என்று கேட்டால் அவள் பேசமாட்டாள். குழலின் நுனியில் சொட்டைப் பாதி தொங்கவிட்டு, கிண்ணத்தின் உள்பக்கத்தில் ஒரு தொடு தொட்டு எடுத்துக் காட்டுவாள். அவ்வளவுதான் வித்தை.

பதினோரு வருஷம் அந்தக் கை திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை பார்த்தது. வெளிநாட்டிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு துணி வரும், பனியன் அத்தனையும் இதே நிறத்தில் வேண்டும் என்று. அந்த நிறத்தைச் சின்னக் கிண்ணங்களில் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. நிறம் பிடித்துவிட்டால் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சாயமேற்றிய பிட்டுத் துணியோடு ஒரு வெள்ளைத் துணியைச் சேர்த்துத் தைத்து, சுடு சோப்புத் தண்ணீரில் சுழலவிட்டு எடுப்பாள். எடுத்ததும் எல்லோரும் சாயத் துணியைத்தான் பார்ப்பார்கள். ஞானாம்பாள் வெள்ளையைப் பார்ப்பாள். அதில் துளி நிறம் ஒட்டியிருந்தால் அந்தச் சாயம் நிற்காத சாயம். மேனேஜர் வந்து நின்று கெஞ்சினாலும் அவளிடம் கையெழுத்து வாங்க முடியாது.

பட்டறை மூடியபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கணவர் முருகேஷ் பல்லடத்தில் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு ஓட்டுகிறவர். நீயும் தறிக்கே வந்துவிடு என்றார். வருகிறேன், ஆனால் ஒரு இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி அவள் போய் நின்ற இடம், அவிநாசி ரோட்டில் பனியன் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து கட்டிய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்து ஆராய்ச்சிக்கூடம்.

அதை நடத்துகிறவர் டாக்டர் மகுடேஸ்வரன். சேவூர்ப் பக்கம் தோட்டக்காரக் குடும்பம், ஆனால் மண்வெட்டி பிடிக்காமல் ரத்தத்தைப் படித்தவர். அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நம் ரத்தம் எலும்புக்குள் ஊறுகிறது. எலும்பு மஜ்ஜையில் ரத்தத்துக்கு விதை மாதிரி சில செல்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல் என்கிறார்கள். அந்த விதை கெட்டுப்போன குழந்தைகளுக்கு, கெட்டதை அழித்துவிட்டு, அண்ணனோ தங்கையோ கொடுத்த நல்ல விதையை நரம்பு வழியாக ஏற்றுகிறார்கள். அது தானாகவே வழி தெரிந்து எலும்புக்குள் போய் உட்காரும். உட்கார்ந்ததா, முளைத்ததா என்று தெரிய இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். அதுவரை பெற்றவர்கள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மகுடேஸ்வரன் அந்தக் கதவுக்கு வெளியே பல பேரைப் பார்த்தவர். விதைக்கு ஒரு அடையாளம் போட்டு அனுப்பினால் ஐந்தே நாளில் பார்த்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. அடையாளம் என்றால் இரும்பு. மாவைவிட, புகையைவிடப் பொடியான இரும்புத் தூள். செல்லை அதில் ஊறவைத்தால் கொஞ்சம் விழுங்கிக்கொள்ளும். பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் வைத்தால், காந்தத்துக்கு இரும்பு தெரியும் அல்லவா, இரும்பு இருக்கிற இடமெல்லாம் படத்தில் கறுப்பாக விழும். முதலில் எலிகளுக்குச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கை. செல் கலந்த நீரை மிச்சமில்லாமல், குறைவில்லாமல் அளக்கிற கை. படித்த பிள்ளைகள் ஐந்து பேர் வந்து போயிருந்தார்கள். அலுவலகத்தைப் பார்த்துக்கொண்ட அருள்செல்வன், பட்டம் வாங்கிய ஆள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஞானாம்பாளின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, பன்னிரண்டாவது தானா என்று உதட்டைப் பிதுக்கினார்.

“ஏனுங்க, இங்க நாங்க பனியன் துவைக்கறதில்லீங்க” என்றார்.

“பரவாயில்லீங்க. துவைக்காதத எப்படி அளக்கறதுன்னு சொன்னீங்கன்னா அளந்துட்டுப் போறனுங்க” என்றாள் ஞானாம்பாள்.

டாக்டர் சிரித்துவிட்டு ஒரு குழலைக் கையில் கொடுத்தார். பத்துக் கிண்ணத்தில் ஒரே அளவு தண்ணீர் விடச் சொல்லி, ஒவ்வொன்றையும் நுண்தராசில் வைத்துப் பார்த்தார். பத்தும் ஒன்று. மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். அருள்செல்வன் மட்டும் அன்று முதல் அவளைச் சாயப்பட்டறை என்றே சொல்ல ஆரம்பித்தார். சாயப்பட்டறை வந்துருச்சா, சாயப்பட்டறை சாப்பிடப் போயிருச்சா. ஞானாம்பாள் ஒன்று மட்டும் மனத்துக்குள் வைத்துக்கொண்டாள். இவர் சொன்னது சரிதான் என்று ஆகும்படி ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு, தன் கையால் நடக்கக் கூடாது.

அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பெண் தேஜஸ்ரீ. இருபத்தாறு வயது, வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. செல்லை இரும்பில் ஊறவைப்பதற்கு அது வைத்த பேரே சாயமேற்றுவது. அக்கா, இன்னைக்குச் சாயமேத்தலாமா என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழையும். ஞானாம்பாளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டாள். சிரிப்புக்குச் சொன்ன அந்தப் பேச்சுதான் பிறகு அவள் கையைக் கெடுத்தது.

அன்று ஆறு எலிகள். ஆறுக்கும் கதிர்வீச்சு கொடுத்து, சொந்த ரத்த விதையை அழித்தாகிவிட்டது. புது விதை போய்ச் சேராவிட்டால் அவை பிழைக்காது. ஆறு குழாய்களில் இரும்பேற்றிய செல்கள் தயாராக இருந்தன. உயிரோடு இருக்கின்றனவா என்று எண்ணியும் பார்த்தாகிவிட்டது. ஊசி போடுவதற்கு முன் குழாயை வெந்நீர்த் தொட்டியில் சற்று நேரம் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முப்பத்தேழு டிகிரி. ஐந்து குழாய் நல்லபடியாகப் போனது. ஐந்தாவது எலியின் வாலில் நரம்பு கிடைக்காமல் தேஜஸ்ரீ தடுமாறிக்கொண்டிருந்தபோது கரண்டு போய், ஜெனரேட்டர் ஓடி, வெந்நீர்த் தொட்டி அணைந்து மறுபடி உயிர் பெற்றது. சூட்டைப் புதிதாக வைக்க வேண்டும். ஞானாம்பாள் வைத்தாள். ஆறாவது குழாயை இறக்கினாள். தேஜஸ்ரீக்கு நரம்பு கிடைக்க அரை மணி ஆயிற்று. பிறகு ஆறாவது எலிக்கும் போட்டு முடித்தார்கள். கையுறைக்குமேல் குழாயின் சூடு இருவருக்கும் உறைக்கவில்லை.

எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டுத் தொட்டியை அணைக்கப் போனவள் எண்ணைப் பார்த்தாள். அறுபது.

திருப்பூரில் பருத்திப் பனியனுக்குச் சாயமேற்றுகிற சூடு அறுபது. பதினோரு வருஷம் ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த விரல் வைத்த எண். கரண்டு போய் வந்த அவசரத்தில், சாயமேற்றும் வேலை என்று மனம் நினைக்க, விரல் தானாக அங்கே போய் நின்றிருக்கிறது. வேறு எந்த ஊர்க்காரி வைத்திருந்தாலும் ஐம்பதோ நாற்பதோ வைத்திருப்பாள், இல்லையென்றால் சரியாக வைத்திருப்பாள். அறுபது வைக்கத் திருப்பூர்க் கைதான் வேண்டும்.

அறுபது டிகிரியில் அரை மணி கிடந்தால் எந்தச் செல்லும் உயிரோடு இருக்காது. அது அவளுக்குத் தெரியும். ஆறாவது எலிக்குப் போனது செத்த விதை.

உடனே சொல்லியிருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டு அவளைப் பற்றி நல்லதாக மட்டும் சொன்னால் அது அவளுக்கே பிடிக்காது. அன்று அவள் சொல்லவில்லை. எதிரில் அருள்செல்வன் நின்றுகொண்டிருந்தார். ஐந்தாம் நாள் ஸ்கேன் எடுக்கும்போது ஆறாவது எலியின் எலும்பு கறுக்காமல் வெளுப்பாகவே இருக்கும், அப்போது தானே ஒத்துக்கொள்வோம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் செய்துகொண்டு பஸ் ஏறினாள். ஐந்து நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். மயக்க மருந்து கொடுத்து ஒவ்வொரு எலியாகக் குழலுக்குள் வைத்து, திரையில் தொடை எலும்பைப் பார்த்தார்கள். முதல் எலி, கறுப்பு. இரண்டாவது, கறுப்பு. ஐந்து வரை அப்படியே. ஆறாவது எலியை வைத்தபோது ஞானாம்பாள் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். படம் மெல்ல மெல்ல வந்தது.

கறுப்பு. மற்ற ஐந்தைப் போலவே, எலும்புக்குள் மை தொட்டு வைத்தது போல.

டாக்டர் மகுடேஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆறுக்கு ஆறு என்று தேஜஸ்ரீ கை தட்டினாள். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ரத்த டாக்டர்களின் கூட்டம் இருந்தது. கறுப்பு விழுந்தால் விதை பிடித்துவிட்டது, பெற்றவர்களிடம் ஐந்தாம் நாளே சொல்லிவிடலாம் என்று அங்கே பேசப்போவதாக டாக்டர் சொன்னார். அருள்செல்வன்கூட வந்து, சாயப்பட்டறை கையி ராசியான கையிதான் போங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து முருகேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தறியை நிறுத்திவிட்டு வந்து கேட்டார் மனுஷன். முழுதும் கேட்டுவிட்டு அவருக்கு நிம்மதியாகிவிட்டது.

“போச்சாது போ, உடு. மெசினே கறுப்புன்னு சொல்லிருச்சு. நீ எதுக்கு வாயத் தொறக்கற?”

“மெசினு சொன்னது இரும்ப. செல்ல இல்லீங்க” என்றாள் ஞானாம்பாள்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. செத்த செல் உடைந்திருக்கும். உள்ளே இருந்த இரும்பு வெளியே வந்திருக்கும். எலியின் உடம்பில் குப்பை அள்ளித் தின்கிற செல்கள் இருக்கின்றன, எலும்புக்குள்ளும் இருக்கின்றன. அவை அந்த இரும்பைத் தின்றிருக்கும். நிற்காத சாயம் பக்கத்துத் துணியில் ஏறிக்கொள்ளுமே, அதே கதை. அப்படியென்றால் திரையில் தெரிந்த கறுப்பு, விதை வந்து உட்கார்ந்த கறுப்பு அல்ல. நாளைக்கு ஒரு டாக்டர் இந்தக் கறுப்பைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற தாயிடம் பிடித்துவிட்டது என்று சொல்லுவார். அந்தத் தாயும் நம்பி எழுந்து போய்ச் சாப்பிடுவாள்.

வாயை மூடிக்கொண்டால் அவள் தப்பு யாருக்கும் தெரியாது. கதிர் கொடுத்த எலிகளில் ஒன்றிரண்டு சாவது சகஜம், அந்தக் கணக்கில் போய்விடும். வாயைத் திறந்தால் வேலையும் போகும், அருள்செல்வன் சொன்னதும் சரி என்று ஆகும். முருகேஷ் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். ஞானாம்பாள் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தாள். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டாள்.

டாக்டர் மேஜைக்கு எதிரில் நின்று, உட்காராமல், தொட்டியை அறுபதில் வைத்தேன் என்று சொன்னாள். எவ்வளவு நேரம் என்று கேட்டார். அரை மணி என்றாள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். பயந்துவிட்டேன் என்றாள். அவர் முகம் சிவந்துவிட்டது. மூன்று வருஷ உழைப்பு, ஆறுக்கு ஆறு என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. கூப்பிடுகிறேன், வீட்டுக்குப் போங்கள் என்றார். கதவோரம் நின்ற அருள்செல்வன், நான் அப்பவே சொன்னேனுங்களே என்று ஆரம்பித்தார்.

ஞானாம்பாள் போகவில்லை. எந்த ஊர்ப் பிடிவாதம் அது என்று தெரியவில்லை, நின்ற இடத்திலேயே நின்றாள்.

“டாக்டருங்க, எனக்கு என்ன பண்றதுன்னு நீங்க அப்பறம் முடிவு பண்ணிக்குங்க. மொதல்ல ஒண்ணு கேக்கறனுங்க. செத்தது போட்ட எலியிலயும் கறுப்பு வந்திருக்குது. அப்ப உசுரோட போட்டதுல வந்த கறுப்ப மட்டும் நீங்க எப்படிங்க நம்பறீங்க?”

மேஜையில் கிடந்த ஆறாவது எலியின் படத்தை டாக்டர் கையில் எடுத்தார்.

“எங்க பட்டறையில சாயத் துணிய மட்டும் பாத்து யாரும் சரக்கு அனுப்பமாட்டாங்க. கூட ஒரு வெள்ளைத் துணியத் தச்சு அலசிப் பாப்போம். இங்க நாம வெள்ளையே தைக்கலீங்க. நானா தப்புப் பண்ணி ஒண்ணு தச்சுட்டேன். அத எடுத்துப் போடாதீங்க, பாருங்க.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு தேஜஸ்ரீயைக் கூப்பிட்டு, ஆறாவது எலிக்குத் தினமும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னார். ஞானாம்பாளைப் பார்த்து, நீங்கள் உட்காருங்கள் என்றார்.

பத்தாம் நாள் ஐந்து எலிகளின் ரத்தத்தில் புதுச் செல்கள் ஏற ஆரம்பித்தன. ஆறாவதின் ரத்தம் தண்ணீராகவே இருந்தது. மூலையில் சுருண்டு கிடந்தது. எலும்பின் கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. அதற்குமேல் அதை வதைக்க வேண்டாம் என்று டாக்டர் மருந்து கொடுத்து நிம்மதியாகப் போகவிட்டார். தன் கையால் போனதென்று ஞானாம்பாளுக்கு அது இன்றைக்கும் உறுத்தல்தான்.

எலும்பை மெல்லிய சீவலாக அரிந்து ஒரு மருந்து விட்டார்கள். இரும்பு இருக்கிற இடத்தை அந்த மருந்து நீலமாக்கும். அந்தச் சொட்டை விட்டது ஞானாம்பாளின் கைதான், டாக்டர் அவளிடமே கொடுத்தார். அப்படி ஒரு நீலத்தைப் பட்டறையில் எத்தனையோ தடவை பிடித்திருக்கிறாள். நுண்ணோக்கியில் முதலில் பார்த்தது தேஜஸ்ரீ. பார்த்துவிட்டு நகர்ந்து ஞானாம்பாளுக்கு இடம் விட்டாள். நீலம் முழுவதும் பெரிய பெரிய குப்பை அள்ளும் செல்களின் வயிற்றுக்குள் இருந்தது. எல்லாம் அந்த எலியின் சொந்தச் செல். செல்லைத் தானம் கொடுத்த எலியின் அடையாளம் ஒன்றில்கூட இல்லை.

“அக்கா, வெள்ளைத் துணியில சாயம் ஏறியிருக்குது” என்றாள் தேஜஸ்ரீ மெதுவாக.

ஒரு எலியை வைத்து உலகத்துக்குச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அது நியாயம். எனவே வேண்டுமென்றே செய்தார்கள். எட்டு எலிகளுக்கு உயிருள்ள செல், எட்டுக்கு இரும்பேற்றிச் சூட்டில் சாகடித்த செல். எந்தக் குழாயில் எது என்று ஸ்கேன் எடுப்பவருக்குத் தெரியாது. அளந்தது முழுக்க ஞானாம்பாள். படங்களைக் கலைத்துப் போட்டு, எது உயிர், எது சாவு என்று பிரிக்கச் சொன்னார்கள். ஒருவராலும் பிரிக்க முடியவில்லை. டாக்டரே பதினாறில் ஏழைத் தப்பாகச் சொன்னார். இரும்பு எங்கே இருக்கிறதென்று ஸ்கேன் சொல்லும். அதை வைத்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. அதற்கு ரத்தத்தையும் கேட்க வேண்டும், செல் செத்தால் கூடவே அழிகிற மாதிரி அதற்கு இன்னொரு அடையாளமும் போட வேண்டும். இப்போது அந்தக் கூடத்தில் நடப்பது அந்த வேலைதான். உயிருள்ளது போடுகிற நாளெல்லாம் பக்கத்திலேயே ஒரு கூண்டில் செத்தது போட்ட எலியும் இருக்கும். அது இல்லாமல் எடுத்த ஸ்கேனை டாக்டர் இப்போது கையால் தொடுவதில்லை.

கோயம்புத்தூர்க் கூட்டத்தில் பேச வேண்டிய பேச்சு தலைகீழாக மாறிவிட்டது. பிடித்துவிட்டது என்று சொல்லப் போனவர், அவசரப்பட்டு நம்பாதீர்கள் என்று சொல்ல எழுதினார். இங்கிலீஷில் எழுதியதைத் தேஜஸ்ரீ தமிழில் படித்துக் காட்ட, ஞானாம்பாள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக வந்தது. ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். அங்கே, தவறுதலாக ஒரு குழாய் அதிகச் சூட்டுக்கு உள்ளானது என்று இருந்தது. யார் வைத்தது என்று இல்லை. ஆராய்ச்சி செய்தவர்கள் என்று முன்பக்கத்தில் போட்ட பேர்களில் நான்காவதாக அவள் பேர் இருந்தது.

டாக்டர் அறைக்குப் போனாள். அருள்செல்வனும் ஏதோ கையெழுத்துக்காக அங்கே நின்றிருந்தார்.

“இதுல குழாய வச்சவ பேரு உட்டுப்போச்சுங்க.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “வேணுமின்னுதாம்மா உட்டேன். படிக்கறவங்க உங்கள ஒண்ணு சொல்லக் கூடாதில்லீங்களா? பேரு முன்னால இருக்குது. கெட்டது எதுக்கு?”

“முன்னால போட்டீங்க, சந்தோசமுங்க. ஆனா அந்த அறுபதும் என்னுதுதானுங்க. திருப்பூர்ச் சாயப்பட்டறையில பதினோரு வருசம் வேலை பாத்த ஞானாம்பாள், பழக்கத்துல அறுபதுல வச்சுட்டா, அதனாலதான் இது தெரிஞ்சுதுன்னு போடுங்க. படிக்கறவங்க சிரிச்சாச் சிரிச்சுட்டுப் போறாங்க.”

டாக்டர் அருள்செல்வனைப் பார்த்தார். அருள்செல்வன் தரையைப் பார்த்தார். பிறகு, பேரைப் பிழையில்லாமல் போடுங்கள், இங்கிலீஷில் முதல் எழுத்து ‘ஜி’, ஞானாம்பாள் என்று சொன்னார். முதல் தடவையாக அவர் வாயில் அவள் பேர் முழுதாக வந்தது.

டாக்டர் பேனாவை எடுத்து, இருந்த வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னது சொன்னபடி எழுதினார். ஞானாம்பாள் அவர் முடிக்கும்வரை மேஜையருகே நின்று, ஒவ்வொரு வார்த்தையும் விழுந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.